இறக்காத மூட்டை

கல்யாணமாகி மூன்றாம் நாள், செவந்தி புருஷன் அழகுமலையோடு அவன் வீட்டுக்கு நடந்துகொண்டிருக்கிறாள். இலுப்பூர் தாண்டியதிலிருந்து காரைப்புதரும் செம்மண்ணும் தவிர வழியில் எதுவும் இல்லை. வானம் மூடிக்கிடக்கிறது, மழையும் இல்லை, வெயிலும் இல்லை. நெல் மூட்டையைச் சுமந்து முன்னால் போகும் அழகுமலை ஒரு தடவைகூடத் திரும்பிப் பார்க்கவில்லை. சீர்ப் பாத்திரங்கள் திணித்த சாக்கு தலையில் கலகலக்க, அவள் அவனுடைய குதிகால் வெடிப்புகளையே பார்த்துக்கொண்டு பின்னால் வருகிறாள். புதர்கள் விலகிய இடத்தில், ஆளுயரத்துக்கு ஒரு சுமைதாங்கிக் கல் நிற்கிறது.

"செத்த எறக்கி வச்சுட்டுப் போவமாங்க?"

"நீ எறக்கு."

சாக்கைக் கல்லின் மேல் தள்ளிவிட்டுக் கழுத்தை நீவிக்கொள்கிறாள். கல்லில் உளி பட்ட தடம் இன்னும் வெளுப்பாகவே இருக்கிறது. அடியில் யாரோ அப்பிய மஞ்சள், அதன்மேல் காய்ந்த அரளிப்பூ. பிள்ளையை வயிற்றில் சுமந்தபடியே செத்துப்போனவளுக்குத்தான் இப்படிக் கல் நடுவார்கள், அவள் பாரம் இறங்கட்டும் என்று. அவனுடைய மூத்த தாரம் காய்ச்சலில் போய்விட்டாள் என்றுதான் பெண் கேட்டு வந்தவர்கள் சொன்னார்கள். அழகுமலை கல்லுக்கு முதுகைக் காட்டி நிற்கிறான். மூட்டை தலையிலேயே இருக்கிறது. கழுத்து நரம்பு புடைத்துத் துடிக்கிறது. செவந்தி தன் சாக்கை ஓரமாக நகர்த்துகிறாள்.

"எடம் இருக்குங்க. நீங்களும் வைங்க."

"வாரவுக போறவுக வைக்கட்டும். நான் வைக்கிறதில்ல."

எங்கோ ஒரு கௌதாரி கத்தி ஓய்கிறது. அவளுக்குக் கழுத்து வலி விடவில்லை. ஆனாலும் சும்மாட்டைச் சரிசெய்து, கல்லை ஒட்டித் தலையைக் கொடுத்து, சாக்கை மறுபடியும் ஏற்றிக்கொள்கிறாள். பாத்திரச் சத்தம் கேட்டதும் அவன் நடக்கத் தொடங்குகிறான், இந்தத் தடவையும் திரும்பிப் பார்க்காமல்.