வரைபடத்தில் ஒரு வீடு

"நம்ம கிளைகளைக் காட்டுற வரைபடத்துல 'வீடு'ன்னு ஒரு குறி எதுக்கும்மா?" என்று எரிந்து விழுந்தார் மேலாளர். கூட்டத்துக்குப் பத்து நிமிடம்தான் இருந்தது.

"மேப்பை ஸ்கிரீன்ஷாட் எடுத்து அப்படியே ஸ்லைடுல ஒட்டிட்டேன் சார்." உதவியாளர் கையைப் பிசைந்தாள்.

"உங்க வீடு எங்க இருக்குன்னு ஊருக்கே காட்டணுமா?"

"என் கம்ப்யூட்டர் ரிப்பேர் சார். நீங்க சொன்னீங்கன்னு உங்களோடதுலதான் எடுத்தேன்."

மேலாளர் திரையருகே குனிந்து தெருவின் பெயரைப் படித்தார். கோபம் போன இடம் தெரியவில்லை.

"அம்மா இருந்தப்போ குறிச்சு வச்சது. நான் வந்து சேர்ற வரைக்கும் வாசல் லைட்டை அணைக்கவே மாட்டாங்க. வீட்டை வித்து ஆறு வருஷமாச்சு."

"அழிச்சிடவா சார்?"

"ஸ்லைடுல அழிச்சிடுங்க." கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "என் கம்ப்யூட்டர்ல மட்டும் கை வைக்காதீங்கம்மா."