முதலில் பாடியவள்

"இந்தப் பாட்டை யாரை நினைச்சு எழுதினீங்க சார்?"

வானொலி அறிவிப்பாளர் கேட்டதும் பாடலாசிரியர் பக்கத்து நாற்காலியில் இருந்த மனைவியின் கையைப் பிடித்துக்கொண்டு, "வேற யாரை? இதோ, இவங்களைத்தான்" என்றார். கண்ணாடிக்கு அந்தப் பக்கமிருந்த ஒலிப்பதிவாளர்கூடக் கைதட்டினார்.

அன்றைய நிகழ்ச்சியே அந்தப் பாட்டுக்காகத்தான். மற்றவர்கள் அதிகமாகத் திரும்பப் பாடிய பாட்டு எது என்று தேடிப் பார்த்ததில் அதுதான் முதலிடம். மெல்லிசைக் குழுக்கள் பாடின, பள்ளிப் பிள்ளைகள் பாடினார்கள், வேற்று மொழியில் வந்தது, பாத்திரம் கழுவும் சோப்பு விளம்பரத்துக்குக்கூட அந்த மெட்டு போனது. ஆனால் முதலில் பாடியவள் அவர் மனைவிதான். அதை மிஞ்ச இன்னும் ஆள் பிறக்கவில்லை என்பார்கள்.

அறிவிப்பாளர் விடவில்லை. "பல்லவியிலேயே கன்னக்குழி வருதே சார். அம்மாவுக்குக் குழியே காணோமே?"

"கட்டினவன் கண்ணுக்குத்தாம்மா அது தெரியும்."

எல்லோரும் சிரித்தார்கள். மனைவிதான் அதிகம் சிரித்தாள். அவருக்கு நெஞ்சில் சுருக்கென்றது.

கன்னக்குழி எதிர்வீட்டு மாடியில் குடியிருந்த பெண்ணுக்கு. அவள் வேறொருவரைக் கட்டிக்கொண்டு போய்விட்டாள். எழுதிய பாட்டு மட்டும் இவரிடம் தங்கிவிட்டது. கல்யாணமான புதிதில் மனைவி அதைப் படித்துவிட்டு, "எனக்கா?" என்று கேட்டபோது, யோசிக்காமல் தலையை ஆட்டிவிட்டார்.

புதிதாக யார் பாடினாலும் அந்தப் பொய் இன்னொரு சுற்றுப் பெருத்தது. முடிவெட்டும் கடையில், லிஃப்டில், பல் டாக்டரிடம் வாயைப் பிளந்துகொண்டு படுத்திருக்கையில் என்று எங்கே கேட்டாலும் அவருக்கு உடம்பு கூசும். 'கொடுத்து வெச்சவங்கம்மா நீங்க' என்று யாராவது மனைவியிடம் சொன்னால், அந்த இடத்தைவிட்டு மெல்ல நழுவிவிடுவார்.

இளம் பாடகி ஒருத்தி தொலைபேசியில் வந்தாள். அடுத்த வாரம் அவளும் அந்தப் பாட்டைப் பாடிப் பதிவு செய்யப் போகிறாளாம்.

"அம்மா, கடைசி வரியில உங்க குரல் லேசா உடையுமே, அது மட்டும் எங்க யாருக்கும் வர மாட்டேங்குது. எப்படிப் பாடணும்?"

"சொல்லிக் குடுத்து வராதும்மா. மனசுல ஆள் இருக்கணும்" என்றாள் மனைவி.

அவருக்கு எழுந்து ஓடிவிடலாம் போலிருந்தது.

வீடு திரும்பும் வழியில் சிக்னலில் காரை நிறுத்தினார். பக்கத்துக் காரில் அதே பாட்டு, யாரோ ஒரு புதுக் குரலில். அவசரமாகக் கண்ணாடியை ஏற்றினார். அப்படியும் கேட்டது.

"உங்கிட்ட ஒண்ணு சொல்லணும். திட்டினாலும் பரவாயில்ல."

"சொல்லுங்க."

"அந்தப் பாட்டு உனக்காக எழுதினதில்ல. கல்யாணத்துக்கு முன்னாடி ஒரு பொண்ணு இருந்தா. நீ கேட்டப்ப பொய் சொல்லிட்டேன். அதை நம்பி நீ உயிரைக் குடுத்துப் பாடினே. ஊரே பாடுது, எனக்குத்தான் காது குடுத்துக் கேக்க முடியல. என்னை மன்னிச்சிடு."

மனைவி முன்கண்ணாடியையே பார்த்துக்கொண்டிருந்தாள். அழுகிறாளோ என்று திரும்பிப் பார்க்கவும் அவருக்குத் தைரியம் வரவில்லை. பச்சை விழுந்தது. பின்னால் ஹாரன் அடித்தார்கள்.

"வண்டியை எடுங்க" என்றாள். "இத்தனை நாளா இதையா மனசுல போட்டு வதைச்சுக்கிட்டு இருந்தீங்க?"

"உனக்குக் கோவமில்லையா?"

கியரைப் பிடித்திருந்த அவர் கையின்மேல் மெல்லத் தட்டினாள்.

"நான் மட்டும் உங்களை நினைச்சா பாடினேன்?"