பச்சைப் பிசுக்கு

“கொன்னுட்டீங்களேம்மா!” என்றார் டாக்டர். கையுறை போட்ட விரல்களால் தூக்கிப் பிடித்து, லென்ஸ் வழியே பார்த்து உச்சுக்கொட்டினார்.

மனிதர்களுக்கு வைத்தியம் பார்க்கிற டாக்டர் இல்லை. பழைய நாணயக் கடைக்காரர். ‘நாணய டாக்டர்’ என்று தனக்குத்தானே பட்டம் சூட்டிப் பலகையும் மாட்டிக்கொண்டார். தெருவும் போனால் போகிறதென்று அப்படியே கூப்பிட்டது.

எதிரே நின்ற டீச்சருக்குக் கண் கலங்கியது. அவள் அப்பா விட்டுப்போன ஒரே வெள்ளிக்காசு, பச்சைப் பிசுக்கு படிந்து கிடந்தது.

“நான்தான் எதையோ போட்டுத் தேய்ச்சுக் கெடுத்துட்டேன்னு அண்ணன் என்கூடப் பேசறதே இல்லை சார். நான் தொடக்கூட இல்லை, கவர்லயே வெச்சிருந்தேன். அந்தக் கவரை எங்க வாங்கினேன்னா…”

“அந்தக் கதையெல்லாம் எனக்கெதுக்கும்மா?”

“நல்ல கவர்னு கடையில சொன்னாங்க…”

“கடைக்காரன் சொன்னா நம்பிடறதா? படிச்சவங்கதானே நீங்க?”

டாக்டர் ஜன்னலைத் திறந்துவிட்டு, கண்ணாடிக் கிண்ணத்தில் சுத்தமான அசிட்டோனை ஊற்றிக் காசை மெல்ல இறக்கினார்.

“தேய்க்கவே கூடாது, ஊறணும். நெயில் பாலிஷ் ரிமூவர் ஆகாது, அதுல கண்டதையும் கலந்திருப்பான். பிளாஸ்டிக் கிண்ணமும் ஆகாது. இதெல்லாம் ஊர்ல எவனுக்குத் தெரியுது?” தனக்குத் தெரியும் என்பதை மட்டும் மூன்று தடவை சொன்னார்.

பத்து நிமிடத்தில் பிசுக்கு கரைந்தது. புதிதாக ஊற்றிய அசிட்டோனில் இன்னொரு முறை முக்கியெடுத்து, துடைக்காமல் உலரவிட்டார். காசிலிருந்த ராஜாவின் முகம் தெளிந்தது. கன்னத்தில் மட்டும் அம்மைத் தழும்பு மாதிரி குழிகள்.

“இது தேய்ச்ச கீறல் இல்லை. மட்டமான பிளாஸ்டிக் கவர் கக்கின அமிலம் வெள்ளியை அரிச்சிருக்கு. இந்தக் குழி இனி ஜென்மத்துக்கும் போகாது.”

“அதை எழுதிக் குடுப்பீங்களா சார்? அண்ணன்கிட்டக் காட்டணும்.”

கரும்பு தின்னக் கூலியா? டாக்டர் கடையின் பெயர் அச்சடித்த தாளை எடுத்தார். ‘காசு வைத்திருந்தவர் மேல் எந்தத் தவறும் இல்லை. இப்படிப்பட்ட கவரை விற்றவர் தொழில் தெரியாத மடையர். நஷ்டத்துக்கு அவரே முழுப் பொறுப்பு.’ கையெழுத்திட்டு, முத்திரையை ஓங்கிக் குத்தினார். எழுதியதைத் தானே ஒருமுறை ரசித்துப் படித்தார்.

டீச்சர் அதைச் செல்போனில் படம் எடுத்து அண்ணனுக்கு அனுப்பினாள். கண்ணைத் துடைத்துக்கொண்டு, தாளை அவர் பக்கமே நீட்டினாள்.

“என்கிட்ட எதுக்கும்மா நீட்டறீங்க? கவர் வித்த மடையன்கிட்டக் குடுங்க!”

“அவர்கிட்டத்தான் சார் குடுக்கறேன்.”