பதினொரு கிலோ

மகளைப் பறிகொடுத்த துக்கத்துக்குக் காப்பீட்டுக் கம்பெனி போட்ட விலை பூஜ்யம்.

ஆஸ்பத்திரித் தராசு ஒவ்வொரு கிலோவும் எதனால் ஏறியது என்று சொல்லிவிடும். கோமளவல்லிக்குத் தீனியால் ஏறியது முப்பது, துக்கத்தால் ஏறியது பதினொன்று. தீனிக் கணக்கு நாற்பதைத் தொட்டால்தான் வயிற்று அறுவைக்குக் கம்பெனியின் அனுமதி. அறுவை இல்லாவிட்டால் அவள் இதயம் இந்த வருஷம் தாங்காது.

"அந்தப் பதினொண்ணையும் தீனியிலேயே தள்ளிவிடுங்க தம்பி," என்று பேரம் பேசினார் அவள் கணவர், மளிகைக்கடை தவசிமுத்து.

"ஆசைப்பட்டுத் தின்னேன்னு அம்மாவே சொல்லணும் சார்," என்றான் உணவு ஆலோசகன்.

"ஆசைப்பட்டா தின்னேன்? என் மக தேன்மொழிக்கும் சேர்த்துத்தான இன்னும் தோசை ஊத்தறேன்! அவ பங்கை எப்படிங்க குப்பையில போடுவேன்?" என்றாள் கோமளவல்லி.

தவசிமுத்துவின் குரல் உடைந்தது. "நீயும் போயிட்டா, உங்க ரெண்டு பேரு பங்கையும் நான்தான திங்கணும், கோமளா?"

அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

"ஆசைப்பட்டுத்தான் தின்னேன், தம்பி."

தராசு கணக்கைத் திருத்திக்கொண்டது. தீனி நாற்பத்தொன்று, துக்கம் பூஜ்யம்.