கொழுக்கட்டை போட்ட முட்டை

பரிதி குளிக்கப் போயிருந்த நேரத்தில்தான் தேன்மொழி அந்தத் தப்பைச் செய்தாள். கல்யாணமாகி ஒரு மாதம்கூட ஆகவில்லை. கையடக்க வீடியோ கேமில், பள்ளிக்கூட நாளில் அவன் முதன்முதலாகத் தன் படையில் சேர்த்துக்கொண்ட பூதத்தின் பெயர் கொழுக்கட்டை. பாவம், ஒண்டியாக நிற்கிறதே என்று அதை ஒரு டிராகனோடு ஜோடி சேர்த்துவிட்டாள். குட்டி வேண்டுமென்றால் பெற்றவை இரண்டும் மறைந்துபோகும் என்பது அந்த விளையாட்டின் விதி; அது அவளுக்குத் தெரியாது. திரையில் ஒரு முட்டை மட்டும் மிஞ்சியது.

ஈரத் தலையோடு வந்தவனிடம், "என்னங்க, கொழுக்கட்டைய தொலைச்சிட்டேன்" என்றாள்.

அவன் பக்கத்தில் உட்கார்ந்தான். முட்டை பொரிந்து, சிறகு முளைத்த குட்டி ஒன்று வெளியே வந்தது. சண்டைக்குப் போகச் சொல்லிப் பொத்தானை அழுத்தினான். குட்டி முதுகைக் காட்டித் திரும்பி உட்கார்ந்துகொண்டது.

பரிதிக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. "அதே திமிரு! கொழுக்கட்டையும் இப்படித்தான், ஒரு சண்டைக்கும் வராது."

"கோவம் இல்லையா?"

"இத்தன வருஷமா கொழுக்கட்டைய ஜோடி சேர்க்க எனக்குத்தான் தைரியம் வரல."

அவளுக்கு அப்போதுதான் மூச்சே வந்தது. திரை, குட்டிக்குப் பெயர் கேட்டுக் கண்சிமிட்டியது. கருவியை அவள் மடியில் வைத்துவிட்டு, அவன் தலை துவட்டப் போனான்.