குப்பை இல்லாத சைட்

“கலை அக்கா, இந்த அடுப்ப நீங்களா போட்டீங்க?”

இன்ஜினியர் வினோதினி கேட்டதும் சித்தாள் கலைமணி முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டு தயங்கி நின்றாள். செம்மண் பூசி மெழுகிய சின்ன அடுப்பு. ஓரத்தில் சாக்பீஸ் கோலம்கூட இருந்தது. மேலே டீத்தண்ணீர் கொதித்துக்கொண்டிருந்தது.

“ஆமா மேடம். எடஞ்சலா இருந்தா எடுத்துடறேன்.”

“எடுக்கறதாவது! எத வெச்சுப் போட்டீங்க?”

“சும்மா கெடந்த கல்லுதான். புதுசா எதையும் தொடல. எரிக்கிறதுகூட ஒடஞ்ச சென்டரிங் பலகதான். எதையும் வீணாக்கக் கூடாதுன்னு நீங்கதான திங்கக்கெழமன்னா நிக்க வெச்சுச் சொல்றீங்க?”

வினோதினிக்கு உச்சி குளிர்ந்துவிட்டது.

பிச்சாவரம் பக்கத்து மீனவர் கிராமத்தில் எழும்பிக்கொண்டிருந்த அந்தப் புயல் பாதுகாப்புக் கட்டடம்தான், அவள் தனியாகப் பொறுப்பேற்றுக் கட்டும் முதல் வேலை. சைட்டில் எதுவும் குப்பையாகப் போகக் கூடாது என்பது அவள் வந்த நாளிலிருந்து பாடும் பாட்டு. உடைந்த செங்கல் தரைக்கு அடியில் போனது. மிஞ்சிய கம்பித் துண்டுகள் ஜன்னல் கிராதியாயின. காலி சிமெண்ட் சாக்குகளைத் தைத்து வெயிலுக்குத் திரை கட்டியாயிற்று. ‘குப்பை இன்ஜினியர்’ என்று முதுகுக்குப் பின்னால் சிரிக்கிறார்கள் என்பது அவளுக்குத் தெரியும். அதில் கொஞ்சம் பெருமையும் உண்டு.

அடுப்பைப் படம் எடுத்து, ‘வீணாய்ப் போன கல்லில் விளைந்த அடுப்பு’ என்று எழுதி, கடலூரில் இருக்கும் முதலாளி ஞானசேகரனுக்கு அனுப்பினாள். இரண்டாவது நிமிடம் போன் வந்துவிட்டது.

“பிரமாதம்மா! நாளைக்கு சைட்டப் பாக்க வர்ற ஆபீசருங்களுக்கு மொதல்ல அந்த அடுப்பத்தான் காட்டணும். யாராச்சும் கலைச்சிடப் போறாங்க.”

“நான் பாத்துக்கிறேன் சார்.”

“அது இருக்கட்டும். இன்னிக்கு இருபத்தெட்டாம் நாளு. கியூப் சிதம்பரம் லேபுக்குப் போயிடுச்சா?”

“வண்டி வந்து நிக்குது சார். ஏத்த வேண்டியதுதான்.”

“ரிப்போர்ட் இல்லாம மாடிக்குக் கையெழுத்துப் போட மாட்டாங்க. மழைக்கு முன்னாடி மாடி ஏறலன்னா இந்த ஊரு ஜனம் இந்த வருசமும் புயலுக்குப் பள்ளிக்கூட வராந்தாவுலதான் ஒண்டிக்கணும். ஒன்ன நம்பித்தான் வுட்டிருக்கேன்.”

கீழ்த்தளத்துக்குக் கூரை போட்ட அன்றே, அதே கலவையை இரும்பு அச்சில் ஊற்றி எடுத்த கான்கிரீட் கட்டிகள்தான் கியூப். இருபத்தெட்டு நாள் தண்ணீரில் ஊற வைத்து, பிறகு லேபில் மெஷினில் வைத்து நசுக்கிப் பார்ப்பார்கள். கூரை தாங்குமா தாங்காதா என்பதற்கு அதுதான் சாட்சி.

கொட்டகைக்குப் பின்னால் இருந்த தொட்டியின் மூடியை வினோதினி திறந்தாள். தண்ணீர் விளிம்பு வரை தெளிவாக நின்றது. உள்ளே ஒன்றுமே இல்லை.

“மேஸ்திரி! கியூப் எங்க?”

மேஸ்திரி சடையப்பன் ஓடி வந்தார். தொட்டிக்குள் கையை விட்டுத் துழாவினார்.

“இங்கதான மேடம் போட்டேன்! தங்கச்சி மக காதுகுத்துக்கு நாலு நாளு ஊருக்குப் போனேன். வந்து பாத்தப்பவும் மூடி மூடுனபடிதான் இருந்துச்சு.”

“தொறந்து பாத்தீங்களா?”

மேஸ்திரி தலையைச் சொறிந்தார்.

“எவனாச்சும் திருடிட்டானோ?” என்றாள் வினோதினி.

“அத எவன் மேடம் திருடப் போறான்? எடைக்குப் போட்டாக்கூட வாங்க மாட்டான்.”

போன சனிக்கிழமை டிராக்டரில் ஏற்றிய செங்கல் துண்டுகளோடு போயிருக்கலாம் என்று ஒருவர் சொன்னார். அந்தத் துண்டுகளைக் கொட்டி நிரப்பிய தெருப்பள்ளத்தை நான்கு பேர் மறுபடி தோண்டினார்கள். செங்கல்தான் வந்தது. லேபுக்குப் போக வேண்டிய வண்டிக்காரர் இரண்டு முறை ஹாரன் அடித்துவிட்டு, சீட்டைச் சாய்த்துப் படுத்துவிட்டார்.

வினோதினி மணல்மேட்டில் உட்கார்ந்தாள். துண்டுக் கம்பியைக்கூடத் தவறவிடாதவள், எதைத் தவறவிடவே கூடாதோ அதைத் தவறவிட்டுவிட்டாள். முதலாளிக்கு என்ன பதில் சொல்வது? தெரு முனையில் நின்று தினமும் “எப்பம்மா முடியும்?” என்று கேட்கிற பெண்களுக்கு என்ன பதில் சொல்வது?

கலைமணி டீ டம்ளரை நீட்டினாள்.

“மொதல்ல இத குடிங்க மேடம். மொகமே வாடிப் போச்சு. எல்லாரும் எத இப்புடித் தேடுறீங்க?”

“கியூப்க்கா.”

“அப்புடின்னா?”

கலைமணி வேலைக்குச் சேர்ந்தே இரண்டு வாரம்தான். இதையெல்லாம் அவளுக்கு யாரும் சொல்லித் தரவில்லை. வினோதினி டம்ளரைக் கீழே வைத்துவிட்டு இரண்டு கையாலும் அளவு காட்டினாள். “இத்தாம் பெரிசு இருக்கும். எல்லாப் பக்கமும் ஒரே அளவு. அந்தத் தொட்டித் தண்ணியில மூணு கெடந்துச்சு.”

கலைமணியின் முகம் மலர்ந்தது.

“அதுவா! மேஸ்திரி ஊருக்குப் போயிருந்தப்ப தொட்டியக் கழுவலாம்னு தொறந்தேன். வீணா ஊறிக்கிட்டுக் கெடந்துச்சு. என்னா சதுரமான கல்லு! தேடுனாலும் அப்புடிக் கெடைக்காது. மண்ணு பூசிட்டேனா, அதான் ஒங்களுக்கு அடையாளம் தெரியல. காலையில போட்டோ புடிச்சீங்களே மேடம், அந்த அடுப்புக்கு மூணு பக்கமும் அதுதான் நிக்குது!”