இரண்டாவது டம்ளர்

தட்டு மாதிரி கிடக்கிற புதுச்சேரியில் மேடு என்று ஒன்று உண்டென்றால் அது மூலக்குளம் தாண்டி வருகிற இந்த மேம்பாலம்தான். மாரத்தான்காரர்கள் அதையும் விட்டுவைக்கவில்லை. ஏழரை மணி வெயில் பிடரியில் காய்கிறது. கீழே தண்டவாளம் பளபளக்கிறது. தாரின் சூடு ஷூவுக்குள் ஏறுகிறது. ரிச்சர்ட் மூச்சு வாங்க ஏறிக்கொண்டிருக்கிறார். அவர் நெஞ்சில் நான்கு ஊக்குகளில் படபடக்கும் நம்பர் தாளில் ‘லூர்துசெல்வி’ என்று அச்சாகியிருக்கிறது. அவர் மனைவி தனக்கென்று பதிந்து வைத்த நம்பர். அவள் ஆத்துமாவுக்கான முப்பதாம் நாள் பூசை போன ஞாயிற்றுக்கிழமைதான் முடிந்தது. வருஷா வருஷம் இவரை முந்திக்கொண்டு ஏறிவந்து, உச்சியில் தண்ணீர் மேசைக்குப் பக்கத்தில் இடுப்பில் கைவைத்து நிற்பாள். “வாங்க ஆமையாரே, வாங்க” என்பாள். இப்போது அங்கே நீலத் தொப்பி போட்ட ஒரு பெண் பேப்பர் டம்ளரை நீட்டுகிறாள். தாளைப் படித்துவிட்டுச் சிரிக்கிறாள்.

“ஆன்ட்டி நம்பர மாத்திக் குத்திக்கிட்டு வந்துட்டீங்களா அங்கிள்? அவங்க எங்க?”

ரிச்சர்ட் தண்ணீரைக் குடித்து முடிக்கிறார்.

“முன்னாடி போயிட்டா” என்கிறார்.

“அப்ப அவங்களுக்கும் எடுத்துட்டுப் போங்க. இனிமே இறக்கம்தான், புடிச்சிடலாம்!” இன்னொரு டம்ளரை அவர் கையில் திணிக்கிறாள்.

ரிச்சர்ட் உள்ளங்கையால் டம்ளரை மூடிக்கொண்டு, ஒரு சொட்டும் சிந்திவிடாமல், இறக்கத்தில் ஓடத் தொடங்குகிறார்.